சர்ச்சிலை நம் மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது?



பேச்சுப் போட்டிக் காலம் வந்துவிட்டால் நம் தமிழ்ப்பள்ளிகளில் சில பெயர்கள் தவறாமல் மேடையேறும். அப்துல் கலாம், ஆபிரகாம் லிங்கன், எடிசன் ஆகியோரோடு வின்ஸ்டன் சர்ச்சிலும் அந்த வரிசையில் நிற்பார். பத்து வயதுப் பிள்ளை ஒலிவாங்கியின் முன் நின்று, "வின்ஸ்டன் சர்ச்சில் கூறினார்" என்று கையை உயர்த்தும்போது நமக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. பேச்சை எழுதிக் கொடுத்தவர் ஆசிரியராகவோ பெற்றோராகவோ இருப்பார். ஆனால், சர்ச்சில் அதை எங்கே கூறினார், எப்போது கூறினார், உண்மையிலேயே கூறினாரா என்று எவரும் கேட்பதில்லை. நீதிபதிகளும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் கருத்து. சர்ச்சில் நமக்குத் தொடர்பில்லாத அயல்நாட்டுத் தலைவர் அல்லர். அவர் இலண்டனில் எடுத்த முடிவுகள் நம் மண்ணில், நம் பாட்டன் பாட்டிகளின் வாழ்வில் வந்து விழுந்தன. அப்படிப்பட்ட ஒருவரை வெறும் பொன்மொழியாகச் சுருக்கிப் பிள்ளைகளிடம் கொடுப்பது சரியா?

புகழ்ச்சியிலும் பொய், இகழ்ச்சியிலும் பொய்

புலனக் குழுக்களில் சர்ச்சிலைப் பற்றி இரண்டு வகைச் செய்திகள் உலவுகின்றன.

முதல் வகை புகழ்ச்சி. சேற்றில் சிக்கிய சிறுவன் சர்ச்சிலை ஓர் ஏழை உழவர் காப்பாற்றினாராம். நன்றிக்கடனாகச் சர்ச்சிலின் தந்தை அந்த உழவரின் மகனைப் படிக்க வைத்தாராம். அந்த மகன்தான் பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங்காம். பின்னாளில் அதே மருந்து சர்ச்சிலின் உயிரைக் காத்ததாம். கேட்பதற்கு இனிமையான கதைதான், ஆனால் நடந்ததன்று. பிளெமிங்கின் தந்தை, மகனுக்கு ஏழு வயதாக இருக்கும்போதே இறந்துவிட்டார். இளமையில் ஒரு கப்பல் நிறுவன அலுவலகத்தில் வேலை பார்த்த பிளெமிங், உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற பணத்தின் துணையோடுதான் மருத்துவம் படிக்கச் சென்றார். 1943 டிசம்பரில் வட ஆப்பிரிக்காவில் சர்ச்சில் நுரையீரல் அழற்சியால் படுத்தபோது அவருக்குத் தரப்பட்டது பென்சிலின் அன்று. சல்பா வகையைச் சேர்ந்த வேறொரு மருந்து.

"வெற்றி முடிவானதுமன்று, தோல்வி உயிரைப் போக்குவதுமன்று" என்னும் பொருளில் அவர் பெயரால் வழங்கும் பொன்மொழியும் இத்தகையதே. அவருடைய உரைகளையும் நூல்களையும் துருவி ஆராய்ந்தவர்களுக்கு அது எங்கும் கிடைக்கவில்லை. பள்ளி ஒன்றில் எழுந்து "விட்டுக் கொடுக்காதே" என்று மூன்று முறை மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்தார் என்னும் கதையும் பிழை. 1941 அக்டோபர் 29ஆம் நாள் தாம் படித்த ஹாரோ பள்ளியில் அவர் முழுமையான உரையே ஆற்றினார். அதில் ஒரு பகுதிதான் அக்கருத்து.

இரண்டாம் வகை இகழ்ச்சி. இந்தியாவுக்கு விடுதலை கொடுத்தால் ஆட்சி கயவர் கைகளுக்குப் போய்விடும், காற்றுக்கும் நீருக்கும் கூட வரி போடுவார்கள் என்று சர்ச்சில் சாபமிட்டதாக ஒரு நீண்ட மேற்கோள், இந்தியாவில் தேர்தல் வரும்போதெல்லாம் உயிர்பெற்று நம் கைப்பேசிக்கும் வந்து சேர்கிறது. அந்தச் சொற்களுக்கும் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

வியப்பு என்னவென்றால், சர்ச்சிலைப் புகழவும் பொய் தேவையில்லை. குறை கூறவும் பொய் தேவையில்லை. இரண்டுக்கும் போதுமான உண்மை அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

மெய்யான புகழ்

1874 நவம்பர் 30ஆம் நாள் இங்கிலாந்தில் பிளென்ஹைம் மாளிகையில் பிறந்தவர் சர்ச்சில். தந்தை அரசியல்வாதி, தாய் அமெரிக்கப் பெண்மணி. பள்ளியில் அவர் சிறந்த மாணவர் அல்லர். சான்ட்ஹர்ஸ்ட் படைக் கல்லூரியில் சேர மூன்று முறை தேர்வெழுத வேண்டியிருந்தது. ஆனால் அவரை 'மண்டு' என்று சொல்வதும் முழு உண்மையன்று. ஹாரோவில் படிக்கும்போது மெக்காலேயின் பாடல்களில் 1,200 அடிகளைப் பிழையின்றி ஒப்புவித்துப் பரிசு பெற்றார். 1896இல் இளம் குதிரைப்படை அதிகாரியாகப் பெங்களூருக்கு வந்து சேர்ந்தவர், வெயில் கொளுத்தும் பகற்பொழுதுகளில் தாயார் அனுப்பிய நூல்களைக் கட்டுக் கட்டாகப் படித்தார். பல்கலைக்கழகம் போகாத அவருக்குப் பெங்களூர் வீட்டின் தாழ்வாரமே பல்கலைக்கழகமாயிற்று.

நம் மாணவப் பேச்சாளர்களுக்கு உண்மையில் சொல்ல வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1904இல் நாடாளுமன்றத்தில் குறிப்பின்றிப் பேசிக்கொண்டிருந்த சர்ச்சில், பாதியில் சொல் மறந்து, அப்படியே அமர்ந்துவிட்டார். அதன் பிறகு எந்தப் பெரிய உரையையும் முன்கூட்டியே எழுதி, திருத்தி, பயிற்சி செய்துதான் ஆற்றினார். மேடையில் சொல் மறந்து விழிக்கும் பிள்ளைக்கு, பொய்யான பொன்மொழியைவிட இந்த மெய் நிகழ்ச்சி ஆயிரம் மடங்கு ஆறுதல் தரும்.

அவருடைய பெரும்புகழ் 1940ஐச் சேர்ந்தது. மே 10ஆம் நாள் பிரதமரானார். அடுத்த சில வாரங்களில் பிரான்சு வீழ்ந்தது. மே மாத இறுதியில், இத்தாலியின் வழியாக இட்லருடன் சமாதானம் பேசிப் பார்க்கலாம் என்ற எண்ணம் போர்க்கால அமைச்சரவையிலேயே எழுந்தது. வெளியுறவு அமைச்சர் ஹாலிபாக்ஸ் அதற்குச் சார்பாக இருந்தார். அப்போது அமெரிக்கா போரில் இல்லை. சோவியத் ஒன்றியமோ இட்லருடன் உடன்படிக்கை செய்திருந்தது. அந்நிலையில் பணியக்கூடாது என்று உறுதியாக நின்று, மற்ற அமைச்சர்களையும் தம் பக்கம் திருப்பியவர் சர்ச்சில். டன்கர்க் கடற்கரையிலிருந்து 3,38,000க்கும் மேற்பட்ட வீரர்கள் மீட்கப்பட்டபோதும், மீட்பு வெற்றியாகாது என்று மக்களிடம் ஒளிக்காமல் கூறினார். அன்று பிரித்தானியா பணிந்திருந்தால் இருபதாம் நூற்றாண்டின் வரலாறே வேறாகியிருக்கும். இதை மறுப்பவர் நேர்மையாளர் ஆகார்.

ஒரு கப்பலின் கதை

இனி, நம் நாட்டுப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதிக்கு வருவோம்.

1941 ஆகஸ்டில் சர்ச்சில் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்' என்னும் போர்க்கப்பலில் அட்லாண்டிக் கடலைக் கடந்து, நியூபவுண்ட்லாந்து அருகே அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்டைச் சந்தித்தார். ஆகஸ்ட் 14ஆம் நாள் வெளியான 'அட்லாண்டிக் சாசனம்', எல்லா மக்களுக்கும் தங்கள் ஆட்சிமுறையைத் தாங்களே தேர்ந்துகொள்ளும் உரிமை உண்டு என்று பறைசாற்றியது. அடிமைப்பட்டிருந்த ஆசிய, ஆப்பிரிக்க மக்கள் அதைக் கண்டு நம்பிக்கை கொண்டார்கள். செப்டம்பர் 9ஆம் நாள் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் எழுந்து விளக்கம் தந்தார். அந்த விதி முதன்மையாக நாஜிகளின் பிடியிலுள்ள ஐரோப்பிய நாடுகளுக்கு உரியதே. இந்தியா, பர்மா முதலிய பேரரசுப் பகுதிகளின் நிலை வேறு என்பதே அவ்விளக்கத்தின் சாரம்.

நான்கே மாதங்களில் அதே 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்' நம் கடலுக்கு வந்தது. ஜப்பானை அச்சுறுத்த அதைச் சிங்கப்பூருக்கு அனுப்ப வேண்டும் என்று வற்புறுத்தியவர் சர்ச்சில்தான். துணைக்கு விமானம் தாங்கிக் கப்பல் இல்லை. 1941 டிசம்பர் 8ஆம் நாள் அதிகாலையில் ஜப்பானியர் கோத்தா பாருவில் தரையிறங்கினர். டிசம்பர் 10ஆம் நாள் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' ஆகிய இரு கப்பல்களையும் ஜப்பானிய விமானங்கள் குவாந்தான் கடற்பகுதியில் மூழ்கடித்தன. 800க்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். விடுதலைச் சாசனம் எழுத உதவிய கப்பல், அச்சாசனத்தின் பயன் மறுக்கப்பட்ட மக்களின் கரையருகே மூழ்கிக் கிடக்கிறது. வரலாறு சில வேளைகளில் ஆசிரியரைவிட நன்றாகப் பாடம் நடத்துகிறது.

வட ஆப்பிரிக்கப் போர்முனைக்கும் உருசியாவுக்கும் டாங்கிகளும் விமானங்களும் சென்றன. மலாயாவுக்குப் போதிய அளவில் வரவில்லை. இட்லரை முதலில் வீழ்த்த வேண்டும் என்ற கணக்கில் அதற்கு நியாயம் இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கின் விலையைக் கொடுத்தவர்கள் யார்? டிசம்பர் நடுவில் பினாங்கிலிருந்து ஐரோப்பியர்கள் இரவோடு இரவாக வெளியேற்றப்பட்டனர். குண்டுவீச்சில் சிதைந்த ஜார்ஜ்டவுனில் உள்ளூர் மக்கள் கைவிடப்பட்டனர். இதை முடிவு செய்தவர்கள் இங்கிருந்த படைத்தலைவர்களே, சர்ச்சில் அல்லர். எனினும் 'எங்கள் பாதுகாப்பில் இருக்கிறீர்கள்' என்ற பேரரசின் வாக்கு அன்றோடு பொய்த்தது.

1942 பிப்ரவரி 10ஆம் நாள், சிங்கப்பூரை இறுதிவரை காக்க வேண்டும், படைகளையோ மக்களையோ காப்பாற்றும் எண்ணமே கூடாது என்று சர்ச்சில் தந்தி அனுப்பினார். ஐந்து நாள் கழித்து, பிப்ரவரி 15ஆம் நாள், தளபதி பெர்சிவல் புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் சரணடைந்தார். சிறைப்பட்ட வீரர்கள் ஏறத்தாழ 80,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் இந்தியர்கள்.

அதன் பின் வந்ததை நம் குடும்பங்கள் அறியும். மரவள்ளிக்கிழங்கே உணவான மூன்றரை ஆண்டுகள். 1942 நடுவிலிருந்து 1943 அக்டோபர் வரை போடப்பட்ட 415 கிலோமீட்டர் சயாம் – பர்மா மரண இரயில் பாதை. இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் அங்கே இழுத்துச் செல்லப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. மலாயா இரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அவர்களில் பெருந்தொகையினர். அக்கொடுமையைச் செய்தது ஜப்பானிய இராணுவமே. அந்தப் பழியைச் சர்ச்சில் மீது ஏற்றுவது முறையன்று. ஆனால் அங்கு மாண்ட வெள்ளை வீரர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவருள் பெரும்பாலோர்க்குப் பெயர்ப்பட்டியல்கூட இல்லை. சர்ச்சிலின் போரைப் பற்றிப் பேசும் மாணவன் இதையும் பேச வேண்டாமா?

வங்காளத்தின் பசி

1943இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்தது. இறந்தோர் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் என்பது ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. 1945இன் அரசு விசாரணைக் குழுவே பதினைந்து இலட்சம் என்று ஒப்புக்கொண்டது. காரணங்கள் பல. பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதால் அங்கிருந்து அரிசி வருவது நின்றது. 1942 அக்டோபரில் புயல் அடித்தது. எதிரிக்குக் கிடைக்கக்கூடாது என்று கடலோர மாவட்டங்களில் நெல்லும் படகுகளும் அரசால் அகற்றப்பட்டன. போர்ச் செலவால் விலைவாசி ஏறியது. பணம் படைத்தவர்கள் அரிசியைப் பதுக்கினார்கள். உணவு அடியோடு இல்லாமற் போனதைவிட, ஏழைக்கு அதை வாங்கும் வலு இல்லாமற் போனதே முதன்மைக் காரணம் என்று அமர்த்தியா சென் பின்னாளில் நிறுவினார்.

பஞ்சத்தைச் சர்ச்சில் திட்டமிட்டு உண்டாக்கினார் என்று எழுதுவோர் உண்டு. சான்றுகள் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் சான்றுகள் காட்டுவது வேறொன்று. இந்திய விவகார அமைச்சர் லியோ ஏமரி உணவுக்கப்பல் கேட்டு மன்றாடியபோது, 1943 ஆகஸ்டில் போர்க்கால அமைச்சரவை அவர் கேட்டதில் சிறு பகுதியை மட்டுமே தர இசைந்தது. இந்தியர்களைப் பற்றிச் சர்ச்சில் உதிர்த்த கடுஞ்சொற்களை ஏமரி தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அக்டோபரில் அரசப் பிரதிநிதியாக வந்த வேவல், நேரே கல்கத்தா சென்று பார்த்து, உணவு வழங்கும் பணியில் இராணுவத்தை இறக்கினார். உணவு கேட்டு இலண்டனுக்கு ஓயாமல் எழுதினார். பின்னர்க் கோதுமை வந்தது உண்மை. 1944 ஏப்ரலில் சர்ச்சிலே ரூஸ்வெல்டிடம் கப்பல் கேட்டார் என்பதும், ரூஸ்வெல்ட் மறுத்தார் என்பதும் உண்மை. ஆனால் பசி காத்திருக்காது. அதே காலத்தில் இருபத்தைந்து இலட்சம் இந்திய வீரர்கள் பிரித்தானியக் கொடியின் கீழ் பணியாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் காலத்து மனிதர்" என்னும் வாதம்

"அவர் அந்தக் காலத்து மனிதர், இன்றைய அளவுகோலால் அளக்கலாமா?" என்று நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆகவே, அந்தக் காலத்து அளவுகோலையே எடுப்போம். 1935இன் இந்திய அரசுச் சட்டத்தைக் கொண்டுவந்த அரசில் பெரும்பான்மை பெற்றிருந்தது அவருடைய சொந்தக் கட்சி. அதைக் கடுமையாக எதிர்த்தவர் அவர். 1931இல் காந்தியடிகளை 'அரை நிர்வாணப் பக்கிரி' என்ற பொருளில் இகழ்ந்தபோது, அதே காந்தியடிகளை அழைத்துப் பேசிக்கொண்டிருந்தவர் இர்வின் பிரபு. பஞ்சத்தின்போது அவரோடு வாதாடிய ஏமரி அவருடைய பழைய பள்ளித்தோழர். இவர்களும் அந்தக் காலத்து மனிதர்கள்தாமே?

இன்னொரு சான்று, அவருடைய மக்களே தந்த தீர்ப்பு. 1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. சர்ச்சில் சென்ற இடமெல்லாம் மக்கள் ஆரவாரித்தனர். ஆனால் ஜூலையில் வெளியான தேர்தல் முடிவில் அவர் கட்சி படுதோல்வி அடைந்தது. தொழிற்கட்சி 393 இடங்களைப் பிடித்தது. போரை நடத்த அவரைப் போற்றிய மக்கள், அமைதிக்கால வீடு, வேலை, மருத்துவம் ஆகியவற்றுக்கு அட்லியைத் தேர்ந்தனர். குணத்தையும் குற்றத்தையும் தனித்தனியே நாடி, மிகுந்ததைக் கண்டு தெளியச் சொன்னார் வள்ளுவர். அது ஒரு பணிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தில் வரும் அறிவுரை. 1945இல் பிரித்தானிய மக்கள் செய்தது ஏறக்குறைய அதுதான். அவர்கள் நன்றி கெட்டவர்கள் அல்லர். நன்றிக்கும் பொறுப்புக்கும் வேறுபாடு தெரிந்தவர்கள்.

1951இல் அவரையே மீண்டும் பிரதமராக்கினார்கள். அப்போதுதான் நம் நாட்டு அவசரகாலத்தின்போது ஜெரால்டு டெம்ப்ளரை 1952இல் மலாயாவுக்கு உயர் ஆணையராக அனுப்பியது அவரது அரசு. 1953இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். 1955 ஏப்ரலில் பதவி விலகினார். 1965 ஜனவரி 24ஆம் நாள், தம் 90ஆம் வயதில் மறைந்தார். 2002இல் பி.பி.சி. நடத்திய வாக்கெடுப்பில் 'மாபெரும் பிரித்தானியர்' என்று முதலிடம் பெற்றார். 2020 ஜூனில் இலண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்திலுள்ள அவர் சிலையின் பீடத்தில் எதிர்ப்பாளர்கள் சாயம் பூசினார்கள். அவருடைய நாட்டிலேயே கணக்கு இன்னும் முடியவில்லை.

வகுப்பறையில் நாம் செய்யக்கூடியவை

நாம் சர்ச்சிலுக்குப் பதவி கொடுக்கப் போவதில்லை. ஆதலால் அவரை 'நல்லவர்' அல்லது 'கெட்டவர்' என்று ஒரே சொல்லில் அடைக்கும் கட்டாயமும் நமக்கில்லை. நன்மையையும் தீமையையும் கூட்டிக் கழித்து மிச்சம் சொல்வது வரலாறாகாது. 1940இல் அவர் காட்டிய உறுதி 1943இன் பசியை அழிக்காது. 1943இன் பசியும் 1940இன் உறுதியை அழிக்காது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மனத்திண்மையைப் பிள்ளைகளுக்குத் தருவதே நம் வேலை.

இதற்கு என் பரிந்துரைகள் மூன்று.

ஒன்று, எந்த மேற்கோளுக்கும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குவோம்: எங்கே சொன்னார்? எப்போது சொன்னார்? யாரிடம் சொன்னார்? விடை கிடைக்காத பொன்மொழியைப் பேச்சிலிருந்து நீக்கிவிடுவோம். கருத்து நல்லதாக இருந்தால் பிள்ளை தன் சொந்தக் கருத்தாகவே சொல்லட்டுமே! போட்டி நீதிபதிகளாக அமரும் நண்பர்களும் மேற்கோளின் அழகுக்கு அன்றி அதன் உண்மைக்கு மதிப்பெண் தாருங்கள்.

இரண்டு, ஆண்டுகளை இணை சேர்த்துக் கற்பிப்போம். 1940 மே மாதத்தைச் சொன்னால் 1942 பிப்ரவரியையும் சொல்வோம். அட்லாண்டிக் சாசனத்தைச் சொன்னால் குவாந்தான் கடலையும் காட்டுவோம். வரைபடத்தில் இரு புள்ளிகளையும் ஒரு கப்பலால் இணைத்துக் காட்டினால் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

மூன்று, இது பெற்றோருக்கான வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் ஜப்பானியர் காலத்தைக் கண்டவர்கள் இன்னும் இருந்தால், அவர்கள் தொண்ணூறை நெருங்கியவர்களாகவோ கடந்தவர்களாகவோ இருப்பார்கள். அவர்கள் மறைந்திருந்தால், அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகள் இருப்பார்கள். பேரப்பிள்ளையை அவர்கள் அருகில் அமர்த்துங்கள். என்ன சாப்பிட்டீர்கள், சயாமுக்கு யார் போனார்கள், யார் திரும்பி வந்தார்கள் என்று கேட்கச் செய்யுங்கள். கேட்டதை ஒரு குறிப்பேட்டில், பெயரோடும் ஊரோடும் எழுதச் செய்யுங்கள். "சிறு பிள்ளைகளுக்குச் சாவும் பசியும் எதற்கு?" என்று தயங்க வேண்டாம். வயதுக்கேற்ற சொற்களில் சொல்லப்படும் உண்மை எந்தப் பிள்ளையையும் கெடுத்ததில்லை.

சர்ச்சில் தம் போரின் வரலாற்றைத் தாமே ஆறு தொகுதிகளாக எழுதினார். அவர் பார்வை உலகெங்கும் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். நம் தோட்டத்து மனிதர்கள் எழுதவில்லை. எழுதும் வாய்ப்பு அவர்களுக்கு இருக்கவில்லை. வாய்ப்புள்ள நம் பிள்ளைகளாவது எழுதட்டும். அடுத்த பேச்சுப் போட்டியில் ஒரு மாணவி மேடையேறி, சர்ச்சிலின் பெயரைச் சொல்லி, அதே மூச்சில் தன் கொள்ளுப்பாட்டனின் பெயரையும் சொல்வாளானால், அவளுக்கு முதற்பரிசு தர நான் தயங்க மாட்டேன்.

உங்கள் எண்ணங்களையும் எழுதுங்கள். சிந்திப்போம், செயல்படுவோம்.